அவர்களுக்குப் பாதம், அம்மாவுக்குக் கால்

1

விதி இதுதான்: பெரிய வியாழன் மாலைப் பூசையில், இயேசு தம் சீடர் பன்னிருவரின் பாதம் கழுவியதன் நினைவாகக் குருவானவர் பாதம் கழுவுவதற்காக உட்காருகிறவர்கள், இறைமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். முன்பு அந்த இடத்தில் 'ஆண்கள்' என்ற சொல் இருந்தது. ரோமாபுரியில் அதை அடித்துவிட்டார்கள். அடித்ததோடு நிற்காமல், ஆணும் பெண்ணும், இளையவரும் முதியவரும், நலமுள்ளவரும் நோயாளியும் அந்தக் குழுவில் இருப்பது நல்லது என்று விளக்கமும் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேர்தான் உட்கார வேண்டும் என்றுகூட விதியில் எங்கும் இல்லை.

நான் விதிகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன். தஞ்சாவூரில் வருவாய்த் துறையில் கொஞ்ச காலம், பிறகு கனடாவுக்கு வந்து ஒரு நகராட்சியில் உரிமம் வழங்கும் பிரிவில் மீதிக் காலம். ஒரு விதியில் குடிமகனின் உரிமை எங்கே முடிகிறது, அதிகாரியின் இஷ்டம் எங்கே தொடங்குகிறது என்பதை வினைச்சொல்லின் வாலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். 'வேண்டும்' என்று முடிந்தால் அது நம்முடையது. 'லாம்' என்று முடிந்தால் அது அவருடையது. மேலே சொன்னது 'லாம்' வகை. பெண்களையும் சேர்க்கலாம். சேர்க்காமலும் இருக்கலாம்.

என் அம்மா லூர்தம்மாள், தொண்ணூறைத் தாண்டிய வயதில், அந்த நாற்காலியில் ஒரே ஒருமுறை உட்கார ஆசைப்பட்டார். வாழ்நாளில் அவர் கோயிலிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். அதற்கு எங்கள் ஊர்ப் பங்குக் கோயில் என்ன செய்தது என்பதை எழுதாமல் இருக்கலாம். நான் எழுதுகிறேன்.

2

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய வியாழன். இங்கே பனி உருகி, தெருவெல்லாம் உப்புச் சேறாகக் கிடந்தது. பூசை தொடங்கக் கொஞ்ச நேரமே இருக்கும்போது, கோயில் ஒருங்கிணைப்பாளர் லிண்டா வரிசை வரிசையாக வந்து ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். இணையத்தில் பெயர் பதியச் சொல்லியிருந்தார்களாம். யாரும் பதியவில்லை. இந்த நாட்டில் அந்தரங்கத்தை எல்லாம் பேட்டி கொடுப்பார்கள், காலுறையைக் கழற்றச் சொன்னால் மட்டும் கூச்சம் வந்துவிடும். என்னைப் பிடித்து உட்காரவைத்தார். எனக்கு ஒரு பக்கம் பிலிப்பைன்ஸ் நாட்டு நர்ஸ் ஒருவர், இன்னொரு பக்கம் நைஜீரிய மாணவி. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. விஷயம் முடிந்தது.

வீட்டுக்கு வந்து ஊருக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே விடிந்திருந்தது. அம்மா என் தங்கை ஜெசிந்தாவோடு திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்தில், எங்கள் பழைய வீட்டிலேயே இருந்தார். என் மகள் நிவேதாவின் பையன் ரோஹன் போனைப் பிடுங்கினான். அவனுடைய தமிழ் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ். அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை.

"பாட்டி, இன்னைக்குச் சர்ச்ல தாத்தாவுக்குக் கால் கழுவி விட்டாங்க!"

தமிழில் 'கால் கழுவுவது' என்றால் எந்தக் காரியம் என்று வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்மா ஒரு கணம் திரையை உற்றுப் பார்த்தார்.

"அடப்பாவமே! எம் புள்ளைக்கு அதுக்கே ஆளு வேண்டியதாப் போச்சா? எனக்கே இன்னும் ஆளு வேணாம்டா, நானே கழுவிக்கிறேன்!"

பின்னால் ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. "பாதம் கழுவுனாங்கம்மா. பெரிய வியாழன் இல்ல?" என்றேன்.

"ஓ, பாதமா? அப்படிச் சொல்லு. யாரு யாரெல்லாம் உக்காந்தீங்க?"

சொன்னேன். சிரிப்பு நின்றது.

"பொம்பளைங்களுமா?"

"ஆமாம்மா. ரூல் மாறி வருசக்கணக்காச்சு."

"நம்ம ஊரு சாமியாருக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்காது."

"தெரிஞ்சிக்கிட்டேதான் என்னயத் துண்டு வெளுக்க விட்டுருக்காங்களா இத்தன வருசமா?" அம்மா முகத்தைத் திரையிலிருந்து திருப்பிக்கொண்டார். திரும்பியபோது குரல் மாறியிருந்தது. "ஒரு தடவ, தம்பி. நானும் உக்காரணும். கேட்டுப் பாரு."

3

அந்தத் துண்டுகளைப் பற்றிச் சொன்னால்தான் அம்மாவைச் சொன்னதாகும்.

பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு வெள்ளைத் துண்டுகள். அவற்றைத் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சியில் முக்கி, பெட்டி போட்டு, மூங்கில் தட்டில் அடுக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோவது அம்மாவின் வேலை. நான் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து அப்படித்தான். யாரும் அவரை நியமித்ததாகத் தெரியவில்லை. துண்டோடு வேலை முடியாது. அது உளுந்து பறிக்கும் காலம். வயலிலிருந்து நேராக வருகிற அப்போஸ்தலர்களைக் கோயிலுக்குப் பின்னாலிருந்த கைப்பம்பில் நிறுத்தி, நாரும் சோப்பும் கொடுத்து மேற்பார்வை பார்ப்பார்.

"குதிகாலத் தேய்யா. சாமி குனிஞ்சு அதுல வாய வச்சு முத்தி செய்யணும். உம் பொண்டாட்டியே கிட்ட வரமாட்டா போலிருக்கே இந்தக் காலுக்கு!"

ஆக, எங்கள் ஊரில் பாதங்களை உண்மையில் கழுவவைத்தது அம்மா. கோயிலுக்குள் நடந்தது அதன் சுருக்கம்.

அவருடைய காலை நான் பார்த்திருக்கிறேன். அப்பா போனபோது நான் தஞ்சாவூரில் கல்லூரியில் இருந்தேன், தம்பி தங்கைகள் பள்ளிக்கூடத்தில். குத்தகை நிலத்தை விட்டுவிடச் சொன்னார்கள் உறவினர்கள். அம்மா விடவில்லை. குறுவைக்கும் சம்பாவுக்கும் ஆட்களோடு ஆளாக இறங்கினார். வரப்பில் பிடிமானத்துக்காக அழுத்தி அழுத்திக் கால் கட்டைவிரல்கள் இரண்டும் உள்பக்கம் வளைந்துபோயின. நடவுக் காலத்தில் விரலிடுக்குகளில் சேற்றுப்புண் வெடித்திருக்கும். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக்கொண்டு, மறுநாள் விடியற்காலைப் பூசைக்கு அதே காலோடு போவார். கோயிலுக்குப் புதுத் தரை போட்ட வருடம், காலடித் தடம் பதிகிறது என்று, கோயில் வேலைகளைப் பார்த்துவந்த கோயில்பிள்ளை முணுமுணுத்தார். அடுத்த நாளிலிருந்து அம்மா இடுப்பில் ஒரு பழந்துணியைச் செருகிக்கொண்டு போனார். வாசலிலேயே காலைத் துடைத்துவிட்டு உள்ளே போவார். சண்டை போடவில்லை. எனக்கு இப்போது நினைத்தாலும் அந்தக் கோயில்பிள்ளையோடு சண்டை போடத் தோன்றுகிறது. அவர் செத்துப் பல காலம் ஆயிற்று.

பணிந்து போகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு சாமியார் பிரசங்கத்தை நீட்டி முழக்கியபோது, பூசை முடிந்ததும் நேரே போய், "தோத்திரம் சாமி. ரெண்டு எடத்துல நல்லா முடிச்சீங்க, அப்பறமும் ஏன் பேசுனீங்க?" என்று கேட்டவர். ஊரில் எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் செபமாலை சொல்ல முதலில் போய் உட்காருவது அவர்தான். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த வருடம் கோயிலைத் திறந்துவிடச் சொல்லி, சாவி வைத்திருந்தவர் தயங்கியபோது, "சாவிய நீயே வச்சிக்க, பூட்ட மட்டும் ஒடச்சிக்கிறேன்" என்றாராம். கதவு திறந்தது. அன்று கோயிலுக்குள் எத்தனை சேற்றுக் கால்கள் வந்தன என்று யாரும் முணுமுணுக்கவில்லை.

4

பங்குச் சாமியாருக்கு எழுதினேன். இளைஞர், படித்தவர். விதியின் தமிழாக்கத்தையும் இணைத்திருந்தேன். பதில் வரவில்லை. போனில் பிடித்தேன்.

"பார்க்கலாம் சார்" என்றார்.

தமிழில் மறுப்புக்கு எத்தனையோ சொற்கள் உண்டு. அவற்றில் மிக மரியாதையானது 'பார்க்கலாம்'. அதிலும் ஒரு 'லாம்' இருக்கிறது, கவனியுங்கள். மறு ஆண்டு தவக்காலத்தில் நானே விமானம் ஏறிப் போனேன்.

எங்கள் ஊரின் ஏற்பாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். பாதம் கழுவும் பன்னிரண்டு நாற்காலிகளுக்கும் எங்கள் ஊரில் பெயர் உண்டு. முதல் நாற்காலி இராயப்பருடையது, அதாவது தலைமைச் சீடர் பேதுருவுடையது. அது நாட்டாண்மை மிக்கேல் குடும்பத்துக்கு. அவர் அப்பா உட்கார்ந்தார், இப்போது அவர். பெலவேந்திரர், யாகப்பர், அருளப்பர் எல்லாம் இன்னின்ன வீட்டுக்கு என்று பட்டா போட்டதுபோல் இருக்கும். நான் வருவாய்த் துறையில் பார்த்த பல பட்டாக்கள் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. கடைசி நாற்காலி இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுடையது. அதில் உட்கார மட்டும் யாரும் வரமாட்டார்கள். உட்கார்ந்தவன் வீட்டில் அந்த வருடம் மாடு சாகும், போர்செட் கெட்டுப்போகும் என்று பேச்சு. வெளியூரிலிருந்து வந்து எங்கள் ஊரில் பெண் எடுத்த மாப்பிள்ளை, விஷயம் தெரியாத விருந்தாளி, இல்லாவிட்டால் சாயங்காலமே நிதானம் தவறிய யாராவது ஒருவரைத் தேடிப்பிடித்து அமர்த்துவார்கள்.

இது எந்த மறைநூலிலும் இல்லாத ஏற்பாடு. ஆனால் ரோமாபுரியின் ஆணைக்கு எங்கள் ஊரில் இல்லாத செல்வாக்கு இதற்கு இருந்தது.

5

ஞாயிறு பூசைக்குப் பிறகு மறைக்கல்வி அறையில் பங்குப் பேரவை கூடியது. சாமியார், மிக்கேல், இன்னும் ஏழெட்டுப் பேர். ஜெசிந்தா கைத்தாங்கலாக அம்மாவைக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

நான் விதியைப் படித்தேன். சாமியார் கையைப் பிசைந்தார்.

"ரூல் எனக்கும் தெரியும் சார். ஆனா ஜனங்க மனசு பக்குவப்படணும்ல?"

"ரூல் வந்து எவ்வளவு காலமாச்சு ஃபாதர்? குறுவைகூட மூணு நாலு மாசத்துல பக்குவமாயிடுது."

மிக்கேல் தொண்டையைச் செருமினார். என்னைவிடச் சில வயது மூத்தவர். அம்மாவைச் சின்னம்மா என்று கூப்பிடுவார், அந்த அன்பு பொய்யில்லை. "அருளு, நீ படிச்சவன். நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. அப்போஸ்தலருங்க பன்னண்டு பேரும் ஆம்பளைங்க. சின்னம்மாவ எங்க உக்கார வைக்கிறது? ராயப்பர் எடத்துலயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினார்.

"ராயப்பர் எடம் வேணாம் மிக்கேலு. அது உங்க அப்பன் எடம். யூதாஸு எடத்தக் குடு. அதுக்குத்தான் வருசா வருசம் ஆளு புடிக்க அலையுறீங்களே."

யாரோ பக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

"என்ன சின்னம்மா பேசுறீங்க? அது சாபம் புடிச்ச எடம்."

"சாபம் புடிச்ச காலையா ஆண்டவர் கழுவுனாரு? காட்டிக் குடுக்கப் போறான்னு தெரிஞ்சேதானே அவனுக்கும் கழுவி விட்டாரு. அவனுக்கே கழுவுனவரு எனக்குக் கழுவ மாட்டாரா?"

அந்த அறையில் இறையியல் படித்தவர் ஒருவர்தான். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  மற்றவர்கள், மடக்கப்பட்ட மனிதர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள். மிக்கேலின் மகன் ஆல்பர்ட் எழுந்து, "யூதாஸ் எடத்துல இந்த வருசம் நான் உக்காந்துக்கிறேன்" என்றான். உடனே மூலையிலிருந்து இன்னொருவர், "ஏன், எங்க வீட்லயும் ஆளு இருக்கு" என்றார். அதுவரை ஊரே தீண்டாத நாற்காலிக்கு, ஒரு பெண் கேட்டதும் போட்டி வந்துவிட்டது. யூதாஸ் பதவிக்கு வேட்பாளர்கள் மோதிக்கொண்டது திருச்சபை வரலாற்றில் அதுவே முதல்முறை என்று நினைக்கிறேன்.

ஆல்பர்ட் என்று முடிவானது. வெளியே வரும்போது அம்மா சொன்னார்: "பாத்தியா தம்பி? அவங்களுக்கு வேணாம்ங்கிறதும் அவங்களதுதான்."

6

பெரிய வியாழன் வந்தது. அம்மா துண்டுகளைத் துவைத்துக் கஞ்சி போட்டார். "எதுக்கும்மா இன்னும்?" என்று நான் கத்தினேன். "துண்டு என்னா பாவம் பண்ணுச்சு?" என்றார்.

கோயில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். இப்போதைய கோயில்பிள்ளை தண்ணீர்ச் செம்பும் தாம்பாளமும் ஏந்த, அம்மா துண்டுத் தட்டை ஏந்த, சாமியார் இராயப்பரிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு காலாகக் குனிந்து, கழுவி, துடைத்து, முத்தி செய்து நகர்ந்தார். ததேயு முடிந்தது, சீமோன் முடிந்தது. கடைசி நாற்காலி காலியாக இருந்தது.

ஆல்பர்ட் வரவில்லை. அவன் மனைவி அப்போது ஐந்து மாதம். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு புருஷனை யூதாஸாக உட்காரவிடுவதா என்று மாமியார் கதவைச் சாத்திவிட்டாராம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது கண்ணுக்குத் தெரிந்தது காலி நாற்காலியும், அதன் எதிரில் செய்வதறியாது நின்ற சாமியாரும், தட்டில் மீதியிருந்த ஒரு துண்டும்தான்.

அம்மா தட்டைப் பீடத்துப் படியில் வைத்தார். கடைசித் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, சந்தையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்போல, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தோத்திரம் சாமி. காலு கடுக்குது" என்றார்.

பாடற்குழு பாட்டை நிறுத்திவிட்டது. சாமியார் மிக்கேலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த இளைஞரை நான் எத்தனையோ முறை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அதற்கெல்லாம் சேர்த்து இதை எழுதிவைக்கிறேன். அவர் முழங்காலிட்டார். அம்மாவின் வளைந்த காலைக் கையில் ஏந்தித் தண்ணீர் ஊற்றினார். துண்டை வாங்கித் துடைத்தார். எழப்போனவரை அம்மா நிறுத்தினார். மூன்றாவது வரிசையிலிருந்த எனக்கே கேட்டது.

"வெரலு இடுக்குலயும் தொடைங்க சாமி. ஈரம் நின்னா புண்ணாயிடும்."

அவர் ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்தார். பிறகு குனிந்து முத்தி செய்தார். பெண்கள் பக்கத்தில் யாரோ வாய்விட்டு அழுதார்கள்.

7

நான் கனடா திரும்பி ஒரு மாதத்துக்குள் மூன்று காரியங்கள் நடந்தன. சடங்கு முறைப்படி நடக்கவில்லை என்று பேரவையிலிருந்து ஆயர் இல்லத்துக்கு, அதாவது பிஷப் அலுவலகத்துக்கு, புகார் போனது. சாமியார் மாற்றப்பட்டார், வழக்கமான மாற்றம் என்றார்கள், எல்லா மாற்றங்களும் வழக்கமானவைதான். புதிதாக வந்த சாமியார், வயதில் பெரியவர், அம்மாவைப் பார்க்கவே பார்க்காமல், ஜெசிந்தாவிடம் சொல்லி அனுப்பினார்: "அன்னைக்கு நடந்தது செல்லாதும்மா. இனிமே துண்டெல்லாம் மேலத்தெரு அன்பியக் குழு பாத்துக்கும், அம்மாவுக்கு எதுக்குச் சிரமம்?"

செல்லாது. ஓட்டுக்கும் பழைய நோட்டுக்கும் சொல்வதுபோல. தெருவில் பிள்ளைகள்கூட அதைப் பிடித்துக்கொண்டார்களாம். "செல்லாத காலு ஆத்தா வருது" என்று ஒருவன் சொல்ல, ஜெசிந்தா அவனைத் துரத்திக்கொண்டு வாய்க்கால்வரை ஓடியிருக்கிறாள்.

துண்டு கையைவிட்டுப் போனதை அம்மா ஒருமுறைகூடப் பேசவில்லை. செல்லாது என்ற சொல்தான் அவரை அரித்தது. கழுவவிடாமல் முரண்டு பிடித்த இராயப்பருக்கு, கழுவாவிட்டால் உனக்கு என்னிடம் பங்கில்லை என்று ஆண்டவரிடமிருந்து பதில் கிடைத்த கதை அவருக்கு மனப்பாடம். பங்கு என்பது விவசாயிக்கு விளைச்சலில் பாகம். எங்கள் கத்தோலிக்கத் தமிழில் ஊர்க் கோயிலுக்கும் அதுவே பெயர். இரண்டிலும் முழுசாக உழைத்த ஒரு மனுஷி, தொண்ணூறு வயதுக்குமேல், வாராவாரம் வீடியோவில் என்னிடம் கேட்டார்:

"தம்பி, அப்ப எனக்குப் பங்கு உண்டா, இல்லியா?"

"அம்மா, அது ஞானஸ்நானம் மாதிரி அருட்சாதனம் இல்ல. செல்லும், செல்லாதுங்கிற பேச்சே அதுல கெடையாது. உங்களுக்குக் கழுவுனது கழுவுனதுதான்."

"அது உன் சட்டம். உன்னயவா கழுவச் சொன்னேன்? அவங்க வாயால வரணும்."

ஆயர் இல்லத்துக்கு எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாவற்றோடும் பதிவுத் தபாலில். ஒப்புகை வந்தது, பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். ஜெசிந்தாவை நேரில் போகச் சொன்னேன், அங்கிருந்தவர், "உங்க அண்ணன் லெட்டரா? அது பெரிய லெட்டரா இருக்கேம்மா, படிக்கணும்ல" என்றாராம். இன்னொரு நினைவூட்டல். பத்து வரிக்கு மிகாமல்.

இங்கே எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வீடு வீடாக வரமாட்டார். தெருமுனையில் பொதுவான இரும்புப் பெட்டி, ஆளுக்கொரு சாவி. மருத்துவர் என்னை நடக்கச் சொல்லியிருக்கிறார். நான் அந்தப் பெட்டிவரை நடப்பேன். மின்கட்டணம், பீட்சா விளம்பரம், காது கேட்கும் கருவிக்குத் தள்ளுபடி. மழையிலும் பனியிலும் இதே மூன்றையும் கொண்டுவந்து மேசைமேல் போடுவேன்.

ஒரு ஞாயிறு அம்மாவே ஒரு வழி சொன்னார். "செல்லாதுன்னே எழுதிக் குடுக்கட்டும்டா. ஒண்ணும் மோசமில்ல. செல்லாதுன்னா மறுபடி கழுவித்தானே ஆகணும்? வர்ற பெரிய வியாழன் போயி உக்காந்துக்கிறேன்."

என் பணிக்காலம் முழுவதிலும் இவ்வளவு கச்சிதமான மேல்முறையீட்டை நான் பார்த்ததில்லை.

8

வர்ற பெரிய வியாழன் வரவில்லை. மாசியில், தாளடி அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது, விடியற்காலைப் பூசைக்குப் புடவை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர் எழவில்லை. நான் போய்ச் சேரும்வரை கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கட்டைவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வளைந்த விரல்கள், கட்டுக்கு அடங்காமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன.

மிக்கேல் தலைமாட்டில் நின்று குழந்தைபோல அழுதார். "சின்னம்மா கையில வெளுத்த துண்டு மாதிரி வராது அருளு. இப்பக் கொண்டாந்து வைக்கிறாங்க, சோறு வடிச்ச துணியாட்டம்" என்றார். அவரை என்ன செய்வது? கட்டிப்பிடித்துக்கொண்டேன். கோபத்தையும் விடவில்லை.

அடக்கப் பூசையில் புதுச் சாமியார் நல்ல பிரசங்கம் வைத்தார். லூர்தம்மாள் இந்தப் பங்கின் தூண் என்றார். தூணுக்குக் கால் கிடையாது, அதனால் சொல்லியிருப்பார். கல்லறையில் மண் தள்ளி முடிந்ததும் நான் அவரிடம் போனேன்.

"ஃபாதர், ஒரே ஒரு கேள்வி. அம்மாவுக்குக் கழுவுனது செல்லுமா, செல்லாதா?"

"இந்த நேரத்துல அதெல்லாம் எதுக்கு சார்? அம்மா மோட்சத்துல இருக்காங்க."

"மோட்சத்துக்கு அனுப்ப உங்களுக்கு அதிகாரம் இருக்கு, ஒரு நாற்காலிக்கு இல்லையா?"

ஜெசிந்தா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, வாங்கண்ணே. போதும்ணே." அன்று துக்கத்துக்கு இரண்டு வீட்டார் கொண்டுவந்த சாப்பாட்டை என்னால் அந்தக் கோபத்தில் தொட முடியவில்லை, அம்மா இருந்திருந்தால் அதற்காகத்தான் திட்டியிருப்பார்.

கனடா திரும்பியதும் இன்னொரு நினைவூட்டல் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது நிவேதா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் கோயிலுக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது.

"அப்பா, பாட்டியே போயிட்டாங்க. இனிமே பதில் வந்தா யாருக்கு?"

"கேட்டது அவங்க. பதில் அவங்க பேருக்கு வரணும்."

"ஒரு வேளை செல்லாதுன்னு வந்தா?"

நான் தட்டச்சைத் தொடர்ந்தேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, என் கடிதத்தில் இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு, "கடைசி வரிய இன்னும் கொஞ்சம் காட்டமா போடுப்பா" என்றாள். அது தமிழ்க் கடிதம். இவள் இவ்வளவு தமிழ் வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. போட்டேன்.

அந்த ஆண்டுப் பெரிய வியாழனுக்கு எங்கள் ஊரில் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஜெசிந்தாவும் சொல்லவில்லை. அவள் போகவில்லை.

9

ஆயர் இல்லத்து உறை ஒல்லியாக இருந்தது. பெட்டியடியிலேயே பிரித்தேன். முத்திரை இருந்தது, கையொப்பம் இருந்தது, கோப்பு எண் இருந்தது. மூன்றே வரி.

மேற்படி சடங்கில் பெண்கள் பங்கேற்கத் தடை ஏதும் இல்லை. தங்கள் தாயாருக்குப் பாதம் கழுவப்பட்டது முறையானதே. அன்னாருக்கு எமது ஆசிகளைத் தெரிவிக்கவும்.

தெருவில் நின்றுகொண்டே ஜெசிந்தாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.  அவள் கேட்டாள்: "அண்ணே, காலுன்னு போட்டுருக்கா, பாதம்னு போட்டுருக்கா?"

"பாதம்."

"இன்னொரு தடவ படிங்க."

படித்தேன். அவள் அங்கே அழுதுகொண்டே யாரிடமோ அதைச் சொல்வது கேட்டது. உறையைத் திருப்பி, அரசு ஊழியனின் பழக்கத்தில், பெறப்பட்ட தேதியை மூலையில் குறித்தேன்: ஆடிப் பதினெட்டு.